பொத்தானுக்கு ஒரு வீடு



கொடியில் உலரும் உங்கள் வீட்டுப் பிள்ளையின் பள்ளிச் சீருடையைச் சற்றே கையிலெடுத்துப் பாருங்கள். முன்புறத்தில் ஒரு பக்கம் ஆறோ ஏழோ பொத்தான்கள். மறுபக்கம் அதே எண்ணிக்கையில் சிறுசிறு பிளவுகள். பொத்தானை நாம் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். உதிர்ந்துவிட்டால் வீடெல்லாம் தேடுகிறோம். பிளவையோ யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆயினும் அந்தப் பிளவு இல்லையேல், பொத்தான் வெறும் அலங்காரப் பொருளாகவே நின்றுவிடும். சட்டை மூடாது.

பாடநூல்கள் இதைப் 'பொத்தான் துளை' என்று எழுதும். ஆனால் உத்திரமேரூர்க் கடைத்தெருவானாலும் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய தையற்கடையானாலும் அங்கே வழங்கும் பெயர் ஒன்றே: 'காஜா'. காஜா எடுத்தல், காஜா போடுதல், காஜா பட்டன் கட்டுதல் என்று அந்தத் தொழிலில் இச்சொல் ஊறிக் கிடக்கிறது. இது எம்மொழிச் சொல்? எப்படி நம் சட்டைக்குள் வந்து சேர்ந்தது? அதனை எடுக்கும் கை யாருடையது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு காஜாக்கள்

காஜா என்றதும் நம் இல்லங்களில் முதலில் நினைவுக்கு வருவது ஒரு பெயர். காஜா மைதீன் என்று பெயர் சூட்டப்பட்ட பிள்ளை இல்லாத முஸ்லிம் தெரு தமிழகத்தில் அரிது. அஜ்மீரில் அடக்கமாகியிருக்கும் காஜா முயீனுத்தீன் சிஷ்தி (ரஹ்) அவர்களின் நினைவாக இட்டு வழங்கும் பெயர் அது. பாரசீக மொழியில் 'க்வாஜா' என எழுதி, 'வா'வின் வகரத்தை விழுங்கி 'காஜா' என்று ஒலிப்பார்கள். தலைவர், பெரியவர், எஜமானர் என்பன அதன் பொருள்கள்.

தையற்கடையில் வழங்கும் காஜாவுக்கும் இந்தக் காஜாவுக்கும் யாதொரு உறவுமில்லை. தையற்கலையில் முஸ்லிம்கள் பெருமளவில் ஈடுபட்டிருந்தமையால், எவரோ ஒரு காஜா பாயின் பெயரே அந்தத் துளைக்கும் வந்துவிட்டது போலும் என்று நம்மில் சிலர் எண்ணுவதுண்டு. கேட்பதற்குச் சுவையான ஊகந்தான். உண்மை வேறு.

கடல் கடந்து வந்த சொல்

போர்த்துகீசிய மொழியில் 'காஸா' என்றால் வீடு. அம்மொழித் தையற்காரர்கள் பொத்தான் நுழையும் துளையையும் 'காஸா' என்றே அழைத்தார்கள், இன்றும் அழைக்கிறார்கள். பொத்தான் வெளியே உலாவிவிட்டு வந்து அடையும் இடமல்லவா அது? ஆகவே பொத்தானின் வீடு! இதே துளையை அண்டை மொழியான ஸ்பானியம் 'கண்' என்னும் சொல்லை அடியாகக் கொண்டு வழங்குகிறது. அவர்கள் கண்ணைக் கண்ட இடத்தில் இவர்கள் வீட்டைக் கண்டார்கள்.

'காஸா' எப்படிக் 'காஜா' ஆயிற்று? போர்த்துகீசியர் இச்சொல்லின் நடு எழுத்தை, அரபி எழுத்து 'ஸே' (ز) ஒலிப்பது போன்ற அதிர்வொலியோடு உச்சரிப்பார்கள். அவ்வொலி நம் நாவுக்கு எளிதில் வசப்படுவதில்லை, 'ஜ'வாக மாறிவிடும். பாரசீகத்திலிருந்து வந்த பஜாரையும் ஜமீனையும் நினைத்துப் பாருங்கள். நாம் நாள்தோறும் மரியாதையோடு சொல்லும் 'ஹஜ்ரத்' என்னும் சொல்லிலும் நிகழ்ந்திருப்பது ஏறத்தாழ இதே மாற்றந்தான். மராத்தியிலும் இந்தியிலும் உருதுவிலும் இத்துளைக்குப் பெயர் 'காஜ்'. தமிழில் காஜா.

இது வெறும் ஒலியொற்றுமையைக் கண்டு சொல்லும் ஊகமன்று. 1884-இல் வெளிவந்த ஜான் பிளாட்ஸ் அவர்களின் உருது - இந்தி அகராதி, 'காஜ்' என்னும் சொல்லுக்குப் போர்த்துகீசிய மூலத்தையே காட்டுகிறது. ஆசிய மொழிகளில் கலந்துள்ள போர்த்துகீசியச் சொற்களைத் திரட்டி, கோவாவைச் சேர்ந்த பாதிரியாரும் மொழியறிஞருமான செபஸ்தியான் ரொடோல்ஃபோ தல்காதோ 1913-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அதிலும் இச்சொல் இடம் பெற்றிருக்கிறது.

துளை மட்டுமா? அதனுள் நுழையும் பொத்தானும் அதே கப்பலில் வந்ததே. போர்த்துகீசிய மொழியின் 'பொத்தாவ்ங்' தமிழில் பொத்தான் ஆயிற்று. சிலர் நாவில் பித்தான் ஆயிற்று. 'பொத்து' என்றால் துளை என்றும், பொத்துதல் என்றால் மூடுதல் என்றும் தமிழிலேயே பொருள் இருப்பதால், பொத்தானைத் தூய தமிழ்ச் சொல்லென்று நம்பிவிடத் தோன்றும். தற்செயலாய் அமைந்த பொருத்தம் அது. சுவரைத் திறந்தால் ஜன்னல், துணியை வைக்க அலமாரி, அதைப் பூட்டச் சாவி, எழுத மேசை, துடைக்கத் துவாலை, வேலையை மேற்பார்க்க மேஸ்திரி என்று நம் வீட்டுக்குள்ளே உலவும் எத்தனையோ சொற்கள் இப்படி வந்தவைதாம்.

1498-இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியதைத் தொடர்ந்து, மலையாளக் கரையிலும் சோழமண்டலக் கரையிலும் போர்த்துகீசியர் காலூன்றினர். நாகப்பட்டினமும் மயிலாப்பூரின் சாந்தோமும் அவர்தம் குடியிருப்புகளாயின. அதே பதினாறாம் நூற்றாண்டில்தான் நம் மரைக்காயர்கள் அவர்களோடு கடலில் பொருதினார்கள். கடற்படைத் தலைவர்களாய் விளங்கிய குஞ்ஞாலி மரைக்காயர்களில் நான்காமவர் 1600-இல் கோவாவில் கொல்லப்பட்டார். பீரங்கிகள் ஓய்ந்தன, கோட்டைகள் இடிந்தன. எஞ்சி நிற்பதோ, அன்றாடம் நம் விரல்கள் தொடும் பொத்தானும் காஜாவும்!

துளையில்லாத ஆடைகள்

போர்த்துகீசியர் வருமுன்னர் நம் மண்ணில் தையல் இல்லையோ என்று எண்ணிவிட வேண்டாம். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரைக் குறிப்பிடும்போது தையற்காரரைத் 'துன்னகாரர்' என்கிறது. முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவன வீரர் 'மெய்ப்பை' அணிந்திருக்கிறார்கள். மெய்க்கு ஒரு பை! சட்டைக்கு இதைவிட அழகான பெயர் கிடைக்குமா?

ஆயினும் பெரும்பாலோர் உடுத்தியவை தறியிலிருந்து இறங்கியபடியே உடம்பில் சுற்றிக்கொள்ளும் ஆடைகளே. வேட்டிக்குக் காஜா வேண்டியதில்லை. புகழ்பெற்ற காஞ்சிபுரம் பட்டுச் சேலைக்கும் வேண்டியதில்லை. நாம் உடுத்தும் கைலியில் ஒரே ஒரு தையல் உண்டு, துளை கிடையாது. ஹஜ்ஜுக்குச் செல்லும் ஆண்கள் அணியும் இஹ்ராமும் தைக்கப்படாத இரண்டு துணிகளே.

பொத்தான் மிகவும் பழையது. சிந்துவெளி அகழ்வாய்வில் சங்கினாலான, துளையிட்ட பொத்தான்கள் கிடைத்துள்ளன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவை பெரும்பாலும் அணியாகவே பயன்பட்டன என்பர். நெடுங்காலம் பொத்தானை மாட்டுவதற்கு நூலாலான கண்ணியே இருந்தது. துணியையே கத்தரித்து, அந்த ஓரத்தைப் பிரிந்துவிடாமல் கட்டி, அதனுள் பொத்தானை நுழைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பரவியது 13-ஆம் நூற்றாண்டளவில்தான். அதன் பிறகே உடம்போடு ஒட்டித் தைக்கும் ஆடைகள் அங்கே பெருகின. பொத்தானைக் கண்டவர்கள் காஜாவைக் காண ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன என்பது வியப்பூட்டுகிறதல்லவா?

ஆங்கிலத்தில் இதன் பெயர் 'பட்டன்ஹோல்'. பழைய பிரெஞ்சு மொழியில் மொட்டைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து பட்டன் பிறந்தது. அதற்கும் அடிச்சொல், உந்துதல், தள்ளுதல் என்னும் பொருளுடையது. மரத்தை உந்திக்கொண்டு வெளிவரும் மொட்டு. துணியில் மொட்டுப் போல் புடைத்து நிற்கும் பொத்தான். கோட்டின் காஜாவில் செருகும் மலரையும் ஆங்கிலேயர் 'பட்டன்ஹோல்' என்றே சொல்வார்கள். பண்டித நேரு அவர்கள் தம் ஷெர்வானியில் ரோஜா செருகியிருந்ததும் அப்படிப்பட்ட ஒரு காஜாவில்தான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒருவரை வழிமறித்து, விடாமல் பேசிக்கொண்டிருப்பதையும் ஆங்கிலத்தில் இச்சொல்லாலேயே குறிப்பார்கள். எதிராளி நழுவிவிடாதபடி அவர் பொத்தானைப் பிடித்துக்கொள்ளுதல் என்பதே தொடக்கத்தில் இருந்த சொல். 'பிடித்தல்' என்னும் பகுதி 19-ஆம் நூற்றாண்டில் 'துளை' என்று திரிந்துவிட்டது. நமக்கும் அப்படிப்பட்டவர்களைத் தெரியும், பெயர்தான் வைக்கவில்லை!

அரபியில் 'உர்வா'

அரபு மொழி இதற்கு வைத்திருக்கும் பெயர் நம் உள்ளத்துக்கு இன்னும் நெருக்கமானது. பொத்தான் 'ஸிர்ரு'. அது மாட்டும் கண்ணியும் துளையும் 'உர்வா'. குடத்தின் கைப்பிடிக்கும் அதுவே பெயர். அறுந்துபோகாத உறுதியான பிடிமானத்தைக் குறிக்கத் திருமறையின் இரண்டாம் அத்தியாயத்திலும் முப்பத்தோராம் அத்தியாயத்திலும் வருவது இந்த 'உர்வா' என்னும் சொல்லே. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி மகனும் மதீனாவின் பேரறிஞருமான உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் பெயரும் அதுதான். போர்த்துகீசியர் வீடென்றதை அரபியர் பிடிமானம் என்றனர்.

சட்டையின் கழுத்துத் திறப்புக்கு அரபியில் 'ஜைப்' என்று பெயர். மூஸா (அலை) அவர்கள் தம் கையை நுழைத்ததாகத் திருமறை கூறுமிடத்தில் வரும் சொல் இது. பயணத்தில் பொருள் மாறி, சட்டைப் பையைக் குறிக்கும் 'ஜேபி'யாகத் தமிழுக்கு வந்தது. ஆக, ஒரே சட்டையில் ஜேபி அரபியர் தந்தது, காஜா போர்த்துகீசியர் தந்தது, தைப்பவரோ உத்திரமேரூர்க்காரர்!

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காலத்துச் சட்டையிலும் பொத்தான் இருந்ததென்பதை ஹதீஸ்களால் அறிகிறோம். வேட்டைக்குச் செல்பவரான ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள், ஒற்றைச் சட்டையோடு தொழலாமா என்று வினவினார்கள். ஆம் எனக் கூறிய நபியவர்கள், ஒரு முள்ளைக் கொண்டாவது அதைப் பிணைத்துக்கொள்ளுமாறு பணித்தார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. பொத்தான் இல்லாத ஏழைக்கும் மானம் உண்டு. அதைக் காக்க முள் போதும் என்னும் எளிமையை இதில் காண்கிறோம்.

ஒரு காஜா பிறக்கும் விதம்

சிறிய துளைதானே, கத்தரித்தால் முடிந்தது என்று நினைப்போர், ஒரு பழந்துணியில் முயன்று பார்க்கட்டும். துணியில் ஒரு பிளவு இட்டவுடனே நூலிழைகள் பிரியத் தொடங்கும். நான்கு சலவைக்குள் பிளவு கிழிசலாகிவிடும். காஜா என்பது உண்மையில் ஒரு முரண்: துணியை வெட்டவும் வேண்டும், வெட்டியது கிழியாமலும் இருக்க வேண்டும்.

முதலில் அளவு. பொத்தானின் குறுக்களவோடு அதன் கனத்தையும் கூட்டினால் வருவதே காஜாவின் நீளம். வழக்கமான சட்டைப் பொத்தான் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் குறுக்களவுள்ளது; அதற்கு 13 மில்லிமீட்டர் அளவில் காஜா வேண்டும். குறைந்தால் பொத்தான் நுழையாது, கூடினால் நில்லாது.

அடுத்தது திசை. உங்கள் சட்டையை மீண்டும் பாருங்கள். முன்புறப் பட்டியில் காஜாக்கள் நெட்டுவாட்டில் இருக்கும். கழுத்துப்பட்டையில் மட்டும் படுக்கைவாட்டில் இருக்கும். காரணமின்றி அப்படிச் செய்யவில்லை. கழுத்தில் இழுப்பு பக்கவாட்டில் வருகிறது. படுத்திருக்கும் காஜாவில் பொத்தான் ஓரம்வரை நகர்ந்து அங்கே தங்கிவிடும், கழன்றுவிடாது. முன்புறத்தில் இழுப்பு குறைவு. பட்டியின் நடுக்கோட்டில் பொத்தான்கள் நேராக நிற்க நெட்டுவாட்டுக் காஜாவே ஏற்றது.

பிறகு வேலை. சாக்குக்கட்டியால் கோடிட்டு, அக்கோட்டைச் சுற்றி மெல்லிய தையலோட்டி, கூரிய சிறு கத்தரிக்கோலால் இழை பிசகாமல் வெட்டுவார்கள். மெழுகு தடவிய நூலைக் கோத்து, வெட்டிய விளிம்பைப் பற்றி, ஒவ்வொரு குத்துக்கும் ஊசி முனையில் நூலைச் சுற்றி இழுப்பார்கள். இழுக்குந்தோறும் விளிம்பின்மேல் ஒரு குட்டி முடிச்சு உட்காரும். முடிச்சுகள் தோளோடு தோள் ஒட்டி, தொழுகையின் ஸஃப் போல் இடைவெளியின்றி நிற்க வேண்டும். இரு முனைகளிலும் குறுக்கே நூலோட்டிக் கட்டி முடிப்பார்கள். பொத்தானின் தேய்ப்பைத் தாங்குபவை இந்த முடிச்சுகளே. கோட்டுக்கும் ஷெர்வானிக்கும் எடுக்கும் காஜாவில் ஒரு முனை சாவித்துளை போல் வட்டமாகவும் இருக்கும். பொத்தானின் காம்பு அங்கே அமர்வதற்காக.

இத்தனையும் ஒரே ஒரு காஜாவுக்கு. ஒரு சட்டைக்குக் கைப்பட்டிகளையும் சேர்த்து எட்டோ ஒன்பதோ எடுக்க வேண்டும்.

இயந்திரம் எட்டாத இடம்

இனி நம் மூன்றாவது வினாவுக்கு வருவோம்: அந்தக் கை யாருடையது?

1846-இல் எலியாஸ் ஹோவும் 1851-இல் ஐசக் சிங்கரும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரங்கள் உலகையே மாற்றின. இயந்திரங்களை எதிர்த்த காந்தியடிகளே 1924-இல் சிங்கர் தையல் இயந்திரத்தை மட்டும் விதிவிலக்காகப் பாராட்டினார். நம் நாட்டிலேயே உருவான உஷா இயந்திரமும் பின்னர் சிற்றூர்தோறும் நுழைந்தது. ஆனால் மிதித்து ஓட்டும் அந்த இயந்திரத்துக்குத் தெரிந்தது நேர்த்தையல் ஒன்றே. காஜா அதற்கு வராது. காஜாவுக்கென்றே தனி இயந்திரம் 1880-களில் பாஸ்டன் நகரில் ஜான் ரீஸ் என்பவரால் உருவாயிற்று. அதன் விலையும் பருமனும் ஆலைகளுக்கே ஏற்றவை. சிற்றூர்த் தையற்கடைக்கு அது எட்டாக்கனி.

விளைவு என்ன? நீண்ட தையல்கள் நொடியில் முடிந்தன. காஜா மட்டும் கைவேலையாகவே நின்றது. கடைக்காரரின் நேரம் வெட்டுவதற்கும் தைப்பதற்கும் உரியது. மெதுவான வேலையை மலிவான கைக்கு விட்டார். அந்தக் கைக்கு உரியவனே 'காஜாப் பையன்'.

தமிழகத்தின் பழைய தையற்கடை எதிலும் அவனைக் கண்டிருப்பீர்கள். பத்துப் பன்னிரண்டு வயது. கடைவாசல் முக்காலியில் மடிமேல் சட்டையை விரித்துக் குனிந்திருப்பான். இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போடுவதும், தேநீர் வாங்கி வருவதும், ஓட்டுத்தையலைப் பிரிப்பதும், பொத்தான் கட்டுவதும் அவன் பொறுப்பே. காஜாவில் கை திருந்தினால் ஓரம் மடித்துத் தைக்கலாம். பிறகு இயந்திரத்தில் காலை வைக்கலாம். இறுதியாக ஒருநாள் கத்தரிக்கோலைத் தொட்டுக் 'கட்டிங் மாஸ்டர்' ஆகலாம். இந்த ஏணியில் ஏறித் தனிக்கடை கண்டவர்கள் பலர். முதற்படியிலேயே கண் மங்கியவர்களும் பலர். கருப்புத் துணியில் கருப்பு நூலால் விளக்கொளியில் எடுக்கும் காஜா, கண்ணுக்கு வேலை கொடுப்பதில் எதற்கும் இளைத்ததன்று.

பெயரின் விந்தையையும் இங்கே கவனியுங்கள். எஜமானர் என்னும் பொருளில் பெற்றோர் காஜா என்று பெயரிட்ட பிள்ளை, கடையில் ஆகக் கடைசி ஆளாக, காஜாப் பையனாக அமர்ந்திருப்பான்!

நம் மாவட்டத்தின் பட்டுத்தறிகளில் சிறுவர்கள் உழைத்ததை உலகமே பேசியது. 2003-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. ஆனால் காஜாப் பையனைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை. பெரிய ஆலையில் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் கணக்கில் வந்திருப்பான். கடைக்கு ஒருவனாய், நாம் அன்றாடம் சலாம் சொல்லிக் கடக்கும் திண்ணையில் இருந்தமையால் நம் கண்ணில் படவில்லை. 'தொழில் கற்கிறான்' என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குறிப்பிட்ட சில தொழில்களில் மட்டுமே சிறுவரைத் தடுத்தது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுவரை கல்வியைக் கட்டாயமாக்கியது. 2016-இல் வந்த திருத்தமோ, 14 வயது நிறையாத பிள்ளையை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று கூறிவிட்டது. மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறையும், 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்களிக்கப்பட்டிருக்கிறது.

ஆயத்த ஆடைகளின் வருகையாலும், நகரங்களில் காஜாவுக்கென்றே இயந்திரம் வைத்திருக்கும் கடைகள் தோன்றியதாலும், காஜாப் பையன் இன்று அருகிவிட்டான். முற்றாக மறைந்துவிட்டான் என்று சொல்வதற்கில்லை. ரமலானின் பிற்பகுதியில் தையற்கடைகளில் துணி மலைபோல் குவிகிறது. பெருநாளைக்கு முன் தந்தாக வேண்டும் என்று நாம் நெருக்குகிறோம். இருபத்தேழாம் கிழமை இரவில் நாம் பள்ளிவாசலில் நின்று வணங்கும் வேளையில், அந்த விளக்கடியில் குனிந்திருக்கும் தலை எத்தனை வயதுடையது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

கதவுக்குப் பின்னால் இருக்கும் கை

பையன் எழுந்துபோன இடத்தில் பல ஊர்களில் வந்து அமர்ந்திருப்பவர்கள் நம் பெண்கள். கடையிலிருந்து துணி மூட்டை வீட்டுக்கு வருகிறது. சமையல் முடிந்த பிற்பகலில், பிள்ளைகள் உறங்கிய பின்னிரவில், பொத்தான் கட்டுகிறார்கள், ரவிக்கைக்குக் கொக்கி வைக்கிறார்கள், ஓரம் தைக்கிறார்கள். கூலி உருப்படிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. கணவரை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் மானத்தோடு வாழ இத்தொழில் கைகொடுக்கிறது என்பது உண்மையே. அதே வேளையில், வீட்டுக்குள் நடப்பதனாலேயே அதை வேலையென்று எவரும் மதிப்பதில்லை. கூலியும் உழைப்புக்கேற்ப உயர்வதில்லை. "சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்" என்று சொல்லும் ஆண்கள், அவள் மடியிலிருக்கும் சட்டையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தையலைத் தாழ்ந்த வேலையாகக் கருத நம் மார்க்கத்தில் இடமில்லை. இத்ரீஸ் (அலை) அவர்களே முதன்முதலில் ஊசி பிடித்துத் தைத்தவர்கள் என்பது நம் மரபில் வழங்கிவரும் செய்தி. ஒரு தையற்காரர் விருந்துக்கழைத்தபோது அண்ணலார் (ஸல்) அவர்கள் அவருடைய இல்லம் சென்று, அவர் வைத்த சுரைக்காய்க் குழம்பை விரும்பி உண்டதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அன்னவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் எடுத்துரைத்திருக்கிறார்கள். ஊசி பிடிப்பது பெண்ணுக்கு மட்டுமே உரியது என்பாருக்கு இதுவே போதிய விடை.

ஆகவே, வாசகர்களே, சில வேண்டுகோள்கள். பெருநாள் துணியை ரமலான் பிறக்கு முன்பே தையற்கடையில் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தின் நெருக்கடியில்தான் சிறுவர்கள் கடைக்கு இழுக்கப்படுகிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளை அங்கே அமர்ந்திருக்கக் கண்டால், கடைக்காரரிடமும் பெற்றோரிடமும் இதமாகப் பேசுங்கள். வறுமையே காரணமென்றால் அந்தப் பிள்ளையின் படிப்புச் செலவை ஜமாஅத் ஏற்க வழி தேடுங்கள். ஜகாத் கொடுக்கும் காலமும் அதுவே அல்லவா? பேசிய கூலியைப் பெண்களுக்கு அன்றன்றே கொடுங்கள். பொத்தான் ஒன்று கோணலென்று சொல்லிக் குறைக்காதீர்கள். உங்கள் மகனுக்கும் மகளுக்கும் வீட்டிலேயே ஒரு பழந்துணியில் காஜா எடுக்கக் கற்றுக்கொடுங்கள். ஒன்றை எடுத்துப் பார்த்த பிள்ளை, பிறகு எந்த உழைப்பையும் மலிவாக எண்ணாது.

துணிக்கடையில் சட்டை வாங்கும்போதும் நிறத்தோடு நின்றுவிடாமல் காஜாவைத் திருப்பிப் பாருங்கள். முடிச்சுகள் நெருக்கமாக உள்ளனவா, முனைகள் கட்டப்பட்டுள்ளனவா என்று நோக்குங்கள். நூல் ஒன்று நீண்டிருந்தால் இழுக்காமல் கத்தரித்துவிட்டு, அன்றே இரண்டு முடிச்சுப் போட்டுவிடுங்கள். சட்டை இன்னும் ஈராண்டு உழைக்கும்.

பொத்தானுக்கு வீடு கட்டிக் கொடுப்பது 13 மில்லிமீட்டர் வேலை. அதைச் செய்யும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும், செய்யும் பெண்ணுக்கு உரிய கூலியும் கிடைக்கச் செய்வது நம் வேலை.